கடன் படிவம் அறிந்தவை: மட்டக்களப்பு வாவிக்கரையில் நுகர்வோர் தரவும் அந்தரங்க உரிமையும்

கேள்வியும் களமும்

ஒருவரோடு கொடுக்கல் வாங்கல் செய்யும் நிறுவனம் அதன் வழியே அவரைப் பற்றிப் பலவற்றை அறிந்துகொள்கிறது. அறிந்ததை அது என்ன செய்யலாம், எதுவரை செய்யலாம்? இந்தக் கேள்விக்கு நூறாண்டுக்கு மேலாக விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. வங்கி இரகசியம் பேசிய நீதிபதிகள் ஒரு விடை சொன்னார்கள். கணினிப் பதிவேடுகளைக் கண்டு கவலைப்பட்ட சட்ட அறிஞர்கள் இன்னொன்றைச் சொன்னார்கள். கடன் சந்தையை ஆராய்ந்த பொருளியலாளர்கள் இரண்டுக்கும் நேரெதிரான ஒன்றைச் சொன்னார்கள். இலங்கை நாடாளுமன்றம் 2022இல் தன் விடையைச் சட்டமாக்கியது.

அந்த விடைகள் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் எவ்வளவு தூரம் செல்லுபடியாகின்றன என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது. காரணம் எளிது. தரவுரிமை பற்றிய விவாதம் பெரும்பாலும் திறன்பேசியோடு தனியே இருக்கும் நகரவாசியையும், அவர் முகம் பார்த்தறியாத தொலைதூர நிறுவனத்தையும் மனத்தில் வைத்தே நடக்கிறது. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் 2009க்குப் பின் சாதாரணக் குடும்பங்கள் அடிக்கடி எதிர்கொண்ட நிறுவனம் அப்படிப்பட்டதல்ல. அது கிழமைக்கு ஒருமுறை மோட்டார் சைக்கிளில் வாசலுக்கே வந்தது. நுண்கடன் நிறுவனத்தின் வெளிக்கள உத்தியோகத்தருக்குக் கடனாளியின் பெயர் மட்டுமல்ல, அடுப்படி எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்திருந்தது.

வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. அதற்கும் கடலுக்கும் இடையிலான ஒடுங்கிய எழுவான்கரையில் காத்தான்குடி, களுவாஞ்சிகுடி போன்ற நெருக்கமான ஊர்கள் உள்ளன. மேற்கே படுவான்கரையில் வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி என வயலும் மாடும் சார்ந்த கிராமங்கள். முப்பது ஆண்டுப் போரும், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையும், 2006–2007 இடப்பெயர்வும் இந்த மக்களுக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்தன: யார் கேட்டாலும் குடும்ப விபரத்தை எழுதிக் கொடுக்கும் பழக்கம். முகாமில் பதிந்தால்தான் உலர் உணவு, பட்டியலில் பெயர் இருந்தால்தான் வீட்டுத்திட்டம், அடையாள அட்டையைக் காட்டினால்தான் சோதனைச்சாவடியைக் கடக்கலாம் என்றிருந்த காலம் அது. விபரம் கேட்பவரிடம் ‘ஏன்?’ என்று திருப்பிக் கேட்பது அக்காலத்தில் ஆபத்தாகவும் இருந்திருக்கலாம். பின்னர் வந்த நிறுவனங்கள் நீட்டிய படிவங்கள் தயக்கமின்றி நிரப்பப்பட்டதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

படிவம் கேட்பவை

நுண்கடன் படிவம் பொதுவாகக் கேட்பவற்றைப் பார்த்தாலே பிரச்சினையின் ஆழம் தெரியும். அடையாள அட்டைப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று, மின்பட்டியல், கணவரின் தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை, வீட்டு வருமானம், பிற கடன்கள், பிணை நிற்பவர்களின் பெயரும் தொலைபேசி இலக்கமும். கடனுக்கு இவற்றில் சில தேவைதான். எல்லாமே தேவையா, கடன் கட்டி முடிந்த பிறகும் அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பவை வேறு கேள்விகள்.

அடையாள அட்டை இலக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பதைச் சொல்லும். பெண்ணாயின் அதோடு 500 கூட்டப்படும். 1985 பெப்ரவரி 5இல் பிறந்த பெண்ணின் இலக்கம் 1985536 என்று தொடங்கும். பழைய ஒன்பது இலக்க எண்ணும் அதே முறையில் அமைந்ததே. அதன் இறுதி எழுத்து, அட்டை வழங்கப்பட்டபோது அவர் வாக்களிக்கத் தகுதி பெற்றிருந்தாரா என்பதையும் காட்டியது. ஆகவே சிம் அட்டை வாங்கும் கடையிலும், அடகு பிடிக்கும் இடத்திலும், தவணைக்குத் தளபாடம் எடுக்கும் கடையிலும் அந்த எண்ணைச் சொல்லும் பெண் தன் வயதையும் பிறந்த நாளையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார். அந்த எண்ணை மாற்றிக்கொள்ளவும் முடியாது. கடைக்காரரின் மேசை இலாச்சியில் கிடக்கும் போட்டோக் கொப்பி ஒன்று எத்தனை ஆண்டு அங்கே கிடக்கலாம் என்பதற்கு நடைமுறையில் எல்லையே இருக்கவில்லை.

இரகசியம் காக்கும் கடமை

இந்தக் கேள்விக்கான பழைய விடை, நம்பிச் சொன்னதை வெளியே சொல்லாதே என்பதாகும். இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த, 1924ஆம் ஆண்டு வழக்கறிக்கையில் வெளியான டூர்னியர் வழக்கு இதன் அடிக்கல். வங்கிக்குக் கொஞ்சப் பணம் கட்டத் தவறிய ஒருவரைத் தேடி, வங்கி முகாமையாளர் அவர் வேலை செய்த நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தார். கடன் பாக்கி பற்றியும், அவர் பந்தயத் தரகர்களோடு தொடர்புடையவர் என்ற சந்தேகம் பற்றியும் சொன்னார். வாடிக்கையாளருக்கு வேலை போயிற்று. வாடிக்கையாளர் பற்றிய தகவலைக் காப்பது ஒப்பந்தத்தில் உள்ளுறையும் கடமை என நீதிமன்றம் கூறியது. சட்டம் கட்டாயப்படுத்தினால், பொதுமக்களுக்கான கடமை இருந்தால், வங்கியின் சொந்த நலனுக்குத் தேவையானால், வாடிக்கையாளர் சம்மதித்தால் என நான்கு விதிவிலக்குகளையும் வகுத்தது.

இலங்கையின் 1988ஆம் ஆண்டு வங்கித்தொழிற் சட்டமும் தன் 77ஆம் பிரிவில் வங்கி ஊழியர்கள் இரகசியம் காக்க வேண்டும் என்கிறது. உரோம-டச்சுப் பொதுச்சட்டத்தில் ஒருவரின் கண்ணியத்துக்கு வேண்டுமென்று ஊறு செய்தால் நட்டஈடு கோரும் வழக்குமுறை உண்டு. அந்தரங்க மீறலும் அதற்குள் அடங்கக்கூடும் என்று சட்ட அறிஞர்கள் வாதிடுவர். 1978 அரசியலமைப்பிலோ அந்தரங்கம் தனி அடிப்படை உரிமையாக எழுதப்படவில்லை. 2015இல் சேர்ந்த 14அ உறுப்புரை தகவல் பெறும் உரிமையைத் தரும்போது, அதற்கு வரம்பு விதிக்கக்கூடிய காரணங்களில் ஒன்றாக அந்தரங்கத்தைக் குறிப்பிடுகிறது. உரிமையாக இல்லாமல் வரம்பாக மட்டும் அது அரசியலமைப்புக்குள் வந்திருக்கிறது.

இந்த விடையின் பலம் அதன் எளிமை: உன் பாக்கியை உன் முதலாளிக்குச் சொல்லக்கூடாது. நூறாண்டுக்கு முந்திய அந்த வழக்கின் நிகழ்வு வாவிக்கரைக்கு வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது. பலவீனங்களும் உண்டு. இந்தக் கடமை உரிமம் பெற்ற வங்கிகளைச் சுற்றியே வளர்ந்தது. கிராமத்தில் கடன் கொடுத்தோரில் பலர் அந்த வட்டத்துக்கு வெளியே நின்றனர். ‘வங்கியின் சொந்த நலன்’ என்ற விதிவிலக்கு கடன் வசூலுக்கு அகலமான கதவைத் திறந்துவிடுகிறது. மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குப் போடும் செலவு, வழக்குக்குக் காரணமான கடனைவிடப் பெரிதாகிவிடும்.

சம்மதம் என்னும் விடை

இரண்டாம் விடை அமெரிக்காவில் உருவானது. அலன் வெஸ்டின் 1967இல் வெளியிட்ட நூலில், தம்மைப் பற்றிய தகவல் எப்போது, எப்படி, எவ்வளவு பிறரைச் சேரலாம் எனத் தாமே தீர்மானிக்கும் உரிமையாக அந்தரங்கத்தை விளக்கினார். அந்நாட்டு அரச ஆலோசனைக் குழு ஒன்று 1973இல் நியாயமான தகவல் நடைமுறைகளை வகுத்தது. பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பின் 1980ஆம் ஆண்டு வழிகாட்டல்களும், 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியும் இந்த மரபில் வந்தவை. ஐரோப்பிய விதி சம்மதத்தைப் பல அடிப்படைகளுள் ஒன்றாகவே வைக்கிறது என்றாலும், நடைமுறையில் ‘நான் உடன்படுகிறேன்’ என்ற ஒப்புதலே உலகம் முழுதும் இந்த மரபின் அடையாளமாயிற்று.

இதன் மீதான விமர்சனம் பழகிப்போன ஒன்று. ஒருவர் தாம் பார்க்கும் இணையத்தளங்களின் அந்தரங்கக் கொள்கைகளை எல்லாம் வாசிப்பதானால் ஆண்டுக்கு இருநூறு மணித்தியாலம் போல் செலவாகும் என 2008இல் ஆய்வாளர்கள் மக்டொனல்டும் கிரேனரும் மதிப்பிட்டனர். தனியாள் தன் தரவைத் தானே முகாமை செய்வார் என்று நம்புவது பயன் தராது என டானியல் சொலோவ் 2013இல் எழுதினார்.

வாவிக்கரையில் சம்மதத்துக்கு வேறொரு குறை. கடன் வேண்டுமென்றால் படிவம் முழுதும் நிரப்பப்பட வேண்டும். ‘இதை மட்டும் தரமாட்டேன்’ என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. படிவம் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருக்கையில், கையொப்பமிடும் இடத்தில் உத்தியோகத்தர் போட்டுத்தரும் பென்சில் புள்ளடியே வழிகாட்டி. பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவோ, விதைப்புக்கு உரமோ நெருக்கும்போது இடும் கையொப்பத்தைச் சுதந்திரமான சம்மதம் என்று சட்டம் கொள்ளலாம். நியாயம் கொள்ளுமா என்பது ஐயத்துக்குரியது. இன்னொன்றும் உண்டு. கடன் எடுக்கும் பெண் தன் தகவலை மட்டும் கொடுப்பதில்லை. பிணை நிற்கும் தங்கையின் இலக்கம், கட்டாரிலோ சவூதியிலோ வேலை செய்யும் மகனின் சம்பளம், பக்கத்து வீட்டாரின் பெயர் எல்லாம் அந்தப் படிவத்தில் ஏறுகின்றன. அவர்களுக்காக அவர் சம்மதிக்க முடியுமா? ஒவ்வொருவரையும் தனித்தனிச் சம்மதக்காரராகப் பார்க்கும் கோட்பாடு இங்கே தடுமாறுகிறது.

அயலார் அறிவே பிணை

மூன்றாம் விடை பொருளியலாளர்களுடையது. அந்தரங்கம் பல வேளைகளில் குறையை மறைக்கும் உத்தியாகப் பயன்படுகிறது என்று றிச்சர்ட் பொஸ்னர் 1978இல் வாதிட்டார். கடன் கொடுப்பவர் அறியாததை வாங்குபவர் அறிந்திருந்தால் வட்டி ஏறும். நேர்மையாகக் கட்டுபவரும் அந்த வட்டியைச் சுமப்பார். ஆகவே தகவல் ஓட வேண்டும் என்பது இவர்கள் வாதம். ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் 1990இல் எழுதிய கட்டுரை இதை ஏழைகளின் கடனுக்குப் பொருத்தியது. வங்கி அறியாததை அயலார் அறிவார்கள். ஒருவருக்கு மற்றவர் பொறுப்பு என்று குழு அமைத்தால், அயலாரே கண்காணிப்பாளர் ஆவார்கள். முகமது யூனுஸ் தொடங்கி 1983இல் வங்கியாக உருப்பெற்ற பங்களாதேஷின் கிராமீன் முறையை விளக்க இந்தக் கோட்பாடு உதவியது.

கோட்பாட்டு மொழியில் அழகாகத் தோன்றும் இது, வீட்டு விறாந்தையில் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். கிழமைக்கு ஒருநாள், குழுவில் ஒருவரின் வீட்டில் பெண்கள் கூடுகிறார்கள். பாஸ் புத்தகங்கள் அடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு பெயராக வாசிக்கப்படுகிறது. ஒருவர் வரவில்லை, அல்லது கட்டவில்லை என்றால் மற்றவர்கள் எழுந்து போக முடியாது. யாராவது அவரது வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும். இல்லையேல் தங்களுக்குள் சேர்த்துக் கட்ட வேண்டும். ‘இந்தக் கிழமை இவரிடம் காசில்லை’ என்ற தகவல் இங்கே தவறிக் கசிவதில்லை. பத்துப் பேர் முன்னிலையில் அது தெரியவர வேண்டும் என்பதற்காகவே ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது. சொத்துப் பிணை இல்லாத கடனுக்கு அந்தப் பெண்ணின் மானமே பிணையாக வைக்கப்படுகிறது. மானிடவியலாளர் லாமியா கரீம் பங்களாதேஷ் பற்றி 2011இல் வெளியிட்ட நூலில் இதை வெட்கத்தின் பொருளாதாரம் என்று விபரித்தார்.

மட்டக்களப்பில் இதற்கு இன்னொரு கனம் உண்டு. இங்கு தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடிமுறையின் செல்வாக்கு வலுவானது. வீடு சீதனமாகப் பெண்ணுக்குப் போகிறது. திருமணமான மகள்மார் தாய் வீட்டை அண்டியே குடியிருப்பது வழமை. டெனிஸ் மக்கில்வ்ரே போன்ற மானிடவியலாளர்கள் இதை விரிவாக எழுதியுள்ளனர். ஆகவே ஒரு பெண்ணின் வாசலில் வசூல்காரர் உரத்துப் பேசும்போது அதைக் கேட்பவர்கள் ஊர் பேர் தெரியாதவர்கள் அல்லர். தாய், சகோதரிகள், பெரியம்மா சின்னம்மா பிள்ளைகள். நாளை மகளுக்குச் சம்பந்தம் பேச வேண்டியவர்களும் அவர்களே. மேற்கத்திய அந்தரங்கக் கோட்பாடு அந்நியரிடமிருந்தும் அரசிடமிருந்தும் காப்பதையே முதன்மையாகக் கருதியது. இங்கே காயம் மிக நெருங்கியவர்கள் முன்னிலையில் ஏற்படுகிறது.

இலங்கைக்கு 2018 செப்டெம்பரில் வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் யுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் வசூலின்போது பெண்கள் உளவியல் துன்புறுத்தலுக்கும் பாலியல் ரீதியான வற்புறுத்தலுக்கும் ஆளாவதாகத் தம் அறிக்கையில் பதிவு செய்தார். அதே ஆண்டில் அரசாங்கம், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. மத்திய வங்கி தன் மேற்பார்வையில் உள்ள நிறுவனங்களின் நுண்கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 35 சதவீத உச்சவரம்பு விதித்தது. 2021 மார்ச்சில் பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தனர். இந்த நடவடிக்கைகளும் போராட்டங்களும் வட்டி, கடன் தள்ளுபடி என்ற மொழியிலேயே பேசப்பட்டன. பெண்களைப் பற்றித் திரட்டிய தகவல் அவர்களுக்கு எதிராகப் பயன்பட்ட விதம் தரவுரிமைப் பிரச்சினையாகப் பெரிதும் எழுப்பப்படவில்லை. அப்படியும் அது எழுப்பப்பட வேண்டும் என்பதே என் கருத்து.

எனினும் பொருளியலாளர் விடையை ஒதுக்கித் தள்ள முடியாது. ஒரே பெண் நான்கைந்து நிறுவனங்களில் கடன் எடுத்து, ஒன்றைக் கட்ட இன்னொன்றை எடுத்ததே நுண்கடன் நெருக்கடியின் மையம். அது நடந்ததற்கு ஒரு காரணம், ஒரு நிறுவனம் கொடுத்தது மற்றதற்குத் தெரியாததும், தெரிந்தாலும் பொருட்படுத்தாததும் ஆகும். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த கொடுகடன் தகவல் பணியகம் வங்கிகள், நிதிக் கம்பனிகள் முதலியவற்றின் கடன் விபரங்களைத் திரட்டுகிறது. ஒருவர் தம் அறிக்கையைத் தாமே பெறவும் வழியுண்டு. சிறு கடன் கொடுப்போர் பலர் நீண்ட காலம் அதற்கு வெளியே இருந்தனர். அவர்களும் அதற்குள் வந்திருந்தால் அளவுக்கு மீறிய கடன் குறைந்திருக்கலாம். அதாவது இன்னும் அதிகமான தகவல் பகிரப்பட்டிருந்தால் இந்தப் பெண்களுக்கு நன்மையாகவும் இருந்திருக்கும். மறுபக்கம், ஒருமுறை தவறிய பெயர் பல ஆண்டுகள் அந்தப் பதிவில் நின்றால், வங்கியின் குறைந்த வட்டிக் கடன் கைவிட்டுப் போய் அவர் மீண்டும் பதிவில்லாத கந்துவட்டிக்கே தள்ளப்படலாம். தகவலைப் பூட்டி வைப்பது காப்பு, திறந்து விடுவது கேடு என்ற எளிய கணக்கு இங்கே உதவாது.

உரிமையும் சூழலும்

நான்காவது விடை அரசியலமைப்பு நீதிமன்றங்களிலிருந்து வந்தது. ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 1983 டிசம்பரில் குடிசன மதிப்பீட்டு வழக்கில், தன்னைப் பற்றிய தகவலைத் தானே தீர்மானிக்கும் உரிமையை மனித கண்ணியத்திலிருந்து வருவித்தது. இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24இல் புட்டசாமி வழக்கில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக ஏற்றனர். கண்ணியம் என்ற அடிப்படை, விறாந்தைக் கூட்டத்தில் நடப்பதைப் பெயர் சொல்லிச் சுட்ட உதவுகிறது. ஆனால் அடிப்படை உரிமை முதலில் அரசுக்கு எதிரான கவசம். தனியார் கம்பனி மீது அதைப் பாய்ச்சச் சட்டம் ஒன்று இடையில் வேண்டும்.

ஹெலன் நிஸன்பாம் 2004 முதல் வளர்த்த கருத்து இந்தக் களத்துக்கு மிக நெருக்கமானது. தகவல் ஒவ்வொன்றும் ஒரு சூழலுக்குரிய எதிர்பார்ப்போடு பகிரப்படுகிறது. அந்தச் சூழலை விட்டு அதை வேறிடத்துக்கு நகர்த்துவதே மீறல் என்கிறார் அவர். அயல்வீட்டாருக்கு என் வீட்டுக் கஷ்டம் தெரியும். அரிசி கடன் தரும் அந்த அறிவு உறவின் பகுதி. அதே அறிவை நிறுவனம் எடுத்து வசூல் கருவியாக்கும்போது அதன் இயல்பே மாறிவிடுகிறது. எல்லோருக்கும் எல்லாம் தெரிந்த ஊரில் அந்தரங்கம் ஏது என்று கேட்போருக்கு இது தகுந்த மறுமொழி. இதன் குறை, எந்தச் சூழலுக்கு எது வழமை என்பதை யார் தீர்ப்பது என்பதில் இருக்கிறது. வழமைகளே பெண்ணுக்கு எதிராக இருக்கும் இடத்தில் வழமையை அளவுகோலாக்க முடியாது.

மருத்துவர், வழக்கறிஞர் போலத் தரவு வைத்திருக்கும் நிறுவனமும் வாடிக்கையாளரின் நலனுக்கு விசுவாசமாக நடக்கக் கடமைப்பட்டது என ஜாக் பால்கின் 2016இல் வாதிட்டார். கருத்து கவர்ச்சியானது. இலாபமே நோக்கான கடன் நிறுவனம் இரு எசமானர்களுக்கு எப்படி விசுவாசமாக இருக்கும் என்ற வினாவுக்கு நிறைவான விடை இன்னும் வரவில்லை.

இலங்கைச் சட்டம் எங்கே நிற்கிறது

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவ்வாண்டு மார்ச் 19இல் சான்றுரைப்படுத்தப்பட்டது. அரச நிறுவனங்களையும் தனியாரையும் அது கட்டுப்படுத்துகிறது. குறித்த நோக்கத்துக்கு மட்டும், அந்த நோக்கத்துக்குப் போதுமான அளவு மட்டும், தேவையான காலத்துக்கு மட்டும் தரவை வைத்திருக்க வேண்டும் என்கிறது. தன்னைப் பற்றிய தரவைப் பார்க்க, திருத்த, அழிக்கக் கோர, சம்மதத்தை மீளப்பெற, கணினி தானாகவே எடுத்த முடிவை மீளாய்வு செய்யக் கோர ஒருவருக்கு உரிமை தருகிறது. 2022இல் நிறைவேறிய வடிவில், கோரிக்கைக்கு 21 வேலை நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மீறல் ஒன்றுக்கு ஒரு கோடி ரூபா வரை தண்டப்பணம் விதிக்கலாம். விளம்பரக் குறுஞ்செய்திகளுக்கும் சம்மதம் தேவை.

எழுத்தில் இது வலுவான சட்டம். நடைமுறைக்கு வந்த வேகமோ வேறு. தரவுப் பாதுகாப்பு அதிகாரசபைக்குரிய பகுதி 2023 ஜூலையில் செயற்படத் தொடங்கியது. முக்கியக் கடமைகளும் உரிமைகளும் 2025 மார்ச் 18இல் தொடங்கும் என்று குறிக்கப்பட்டிருந்தது. அந்த நாள் வருமுன்பே ஒத்திவைக்கப்பட்டது. அதே ஆண்டில் திருத்தச் சட்டமும் நிறைவேறியது. தயாராக நிறுவனங்களுக்குக் காலம் வேண்டும் என்பதே சொல்லப்பட்ட நியாயம். சிறு நிறுவனங்களைப் பொறுத்தவரை அதில் உண்மையுண்டு. ஆனால் படிவம் நிரப்புவோர் அந்தக் காலம் முழுவதும் நிரப்பிக்கொண்டேதான் இருந்தார்கள்.

அதிகாரசபையின் சுயாதீனம் பற்றியும், ஊடகப் பணிக்குத் தெளிவான விலக்கு இல்லாதது பற்றியும், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தோடு மோதல் வரலாம் என்பது பற்றியும் சிவில் அமைப்புகள் விமர்சனம் முன்வைத்தன. இவை கொழும்பில் நன்கு பேசப்பட்டவை. இங்கு விரிக்கத் தேவையில்லை. வாவிக்கரையிலிருந்து பார்க்கையில் தெரியும் குறை வேறு. முறைப்பாட்டு வழி முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் கோரிக்கை அனுப்புவதில் தொடங்குகிறது. வெல்லாவெளியில் உள்ள ஒரு கடனாளி, அடுத்த கிழமையும் தன் வாசலுக்கு வரப்போகும் நிறுவனத்துக்கு அப்படி ஒரு கடிதம் எழுதுவாரா?

தொடர்புள்ள பிற சட்டங்களும் உள. 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதிச் சட்டத்தின் கீழ் மிகச் சில நிறுவனங்களே உரிமம் பெற்றன. மத்திய வங்கி 2023 ஆகஸ்டில் வெளியிட்ட நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் வாடிக்கையாளர் தகவலின் இரகசியத்தையும் கடன் வசூலில் நடத்தையையும் பற்றிப் பேசுகின்றன; அவை மத்திய வங்கியின் மேற்பார்வையில் உள்ளவர்களையே கட்டுப்படுத்தும். எஞ்சிய கடன் கொடுப்போரை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கான சட்டமூலம் 2024இன் தொடக்கத்தில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, அது கிராமத்தின் சீட்டையும் பெண்களின் சிறு சேமிப்புச் சங்கங்களையும் கம்பனிகளோடு ஒரே கூடைக்குள் போடுகிறது என்று பெண்கள் அமைப்புகள் எதிர்த்தன. அந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு. கிராமத்துச் சங்கத்தின் கொப்பியில் உள்ள பெயரும் கம்பனியின் கணினியில் உள்ள பெயரும் ஒரே வகை ஆபத்தை உண்டாக்குவதில்லை.

கைத்தொலைபேசி வழி வரும் கடன்

விறாந்தைக் கூட்டத்தின் தர்க்கம் இப்போது செயலிக்குள் புகுந்திருக்கிறது. உடனடிக் கடன் செயலிகள் தொலைபேசியின் தொடர்புப் பட்டியலை எடுத்துக்கொண்டு, தவணை தவறினால் அந்த எண்களுக்கெல்லாம் செய்தி அனுப்புவதாக இந்தியாவில் 2020 முதல் பெருமளவு முறைப்பாடுகள் எழுந்தன, தற்கொலைகளும் நிகழ்ந்தன. இந்திய றிசேர்வ் வங்கியின் செயற்குழு 2021 நவம்பரில் தந்த அறிக்கை, ஆய்வுக்கு எடுத்த ஏறத்தாழ 1,100 கடன் செயலிகளில் 600 வரை சட்டவிரோதமானவை எனக் கண்டது. 2022 செப்டெம்பரில் றிசேர்வ் வங்கி வழிகாட்டல் வெளியிட்டது. தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு, கோப்புகள், படங்கள் ஆகியவற்றைக் கடன் செயலி தொடக்கூடாது. வாடிக்கையாளரை அடையாளம் காண்பதற்கு மட்டும், அதுவும் ஒரே ஒரு முறை, கமரா போன்றவற்றைப் பயன்படுத்தலாம்.

இதை ஐந்தாவது விடை எனலாம். சம்மதம் கேள் என்று சொல்லாமல், சம்மதம் கிடைத்தாலும் எடுக்காதே என்கிறது இது. இங்கே ஆராய்ந்தவற்றுள் வாவிக்கரைக்கு மிகப் பயன்படக்கூடியது இந்த விடையே என்று தோன்றுகிறது. வலுக்குறைந்தவரின் கையொப்பத்தை நம்பியிராமல், வலுமிக்கவரின் கையைக் கட்டுகிறது. குறைபாடும் உண்டு: பதிவு செய்யாத செயலி எந்த வழிகாட்டலையும் மதிப்பதில்லை. இலங்கையிலும் இணையக் கடன் பற்றி இதே வகை முறைப்பாடுகள் எழுந்துள்ளன. புதிய டிஜிட்டல் அடையாள முறை, இந்திய அரசின் நன்கொடை உதவியோடு, தயாராகி வருகிறது. இலக்கம் ஒன்றே எல்லாப் பதிவுகளையும் இணைக்கும் நாளில், படிவம் கேட்பதற்கு எல்லை வகுப்பது இன்றைவிடக் கடினமாகும்.

தீராமல் நிற்பவை

விடைகள் எதுவும் முற்றிலும் பிழையில்லை. இரகசியக் கடமை கடனை மூன்றாம் ஆளிடம் சொல்லாதே என்கிறது. அதை வங்கிக்கு வெளியே உள்ளவர்களுக்கும் விரிக்க வேண்டும். சம்மதம் வேண்டியதே; ஆயினும் தனியே நிற்கும் வலு அதற்கு இல்லை. தகவல் பகிர்வு மிகைக்கடனைத் தடுக்கலாம்; பகிர்வது பணியகத்தோடு இருக்கட்டும், குழுவோடு வேண்டாம் என்று பிரித்துப் பார்க்க முடியும். குழுப் பொறுப்பை முற்றாகத் தடை செய்தால் பிணையில்லாதவருக்குக் கடனே கிடைக்காமல் போகுமா என்பது விவாதத்துக்குரியது. கிராமீன் வங்கியே 2000க்குப் பின் கூட்டுப் பொறுப்பிலிருந்து விலகிக் கடனை நெகிழ்வான முறைக்கு மாற்றிக்கொண்டது என்பது இந்த விவாதத்தில் நினைவில் கொள்ளத்தக்கது.

முறைப்பாடு செய்வதே இன்னொரு முறை அம்பலப்படுவதாக இருக்கும் சூழலில், தனியாள் முறைப்பாட்டை நம்பிய சட்டம் எப்படி வேலை செய்யும் என்பது மற்றொரு திறந்த கேள்வி. பெண்கள் சங்கமோ, கூட்டுறவுச் சங்கமோ உறுப்பினர் சார்பில் பெயர் குறிப்பிடாமல் முறையிட இடமளித்தல், அதிகாரசபை தானாகவே கிளை அலுவலகங்களைப் பரிசோதித்தல் ஆகியவை ஆராயத்தக்க வழிகள். பிணை நிற்பவர், அயலவர் எனப் படிவத்தில் ஏறும் மூன்றாம் ஆட்களின் உரிமைக்கும் தெளிவான வரையறை வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் காத்திராமல் இன்றே செய்யக்கூடியவை மூன்று. கடன் படிவங்களும் நிபந்தனைகளும் தமிழில் இருக்க வேண்டும் என மத்திய வங்கி கண்டிப்போடு நடைமுறைப்படுத்தலாம். கடன் முடிந்ததும் அடையாள அட்டைப் பிரதியைத் திருப்பித் தரவோ அழிக்கவோ நிறுவனங்களைப் பணிக்கலாம். கடனாளி அல்லாதவரிடம், அவர் குழு உறுப்பினரே ஆனாலும், பாக்கி பற்றிப் பேசுவதை வசூல் நடத்தை விதிகளில் வெளிப்படையாகத் தடை செய்யலாம். இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. மட்டக்களப்பு மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர்களும், மாதர் சங்கங்களும், கடன் கொடுக்கும் நிறுவனங்களின் நல்லெண்ணம் கொண்ட முகாமையாளர்களும் இந்த மூன்றையும் கேட்கத் தொடங்க வேண்டும்.